ஜெய்சல்மர் முதல் புதுக்கோட்டை வரை... மழை கூடுது, தண்ணி குறையுது!

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ராஜஸ்தான் பாலைவனத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ரயிலில் போய், ரயிலிலேயே திரும்புவார்கள். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் இரண்டு, மூன்று குடும்பம் சேர்ந்து, வேன் பிடித்து, சாலை வழியாகவே போய் வருகிறவர்களும் உண்டு. போகும்போது மனசெல்லாம் மணல்மேடு, ஒட்டகம், கோட்டை என்றே இருக்கும். வெளியே என்ன பயிர் நிற்கிறது என்று பார்க்கத் தோன்றாது. திரும்பும்போது கதை வேறு. கைக்காசு கரைந்திருக்கும். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். விட்டுவந்த மாடு, கதிர் முற்றிய நெல், மோட்டார் என்று நினைப்பு வயல் பக்கம் திரும்பிவிடும். அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே இருப்பது கண்ணில் படும்.

ஜெய்சல்மரில் புறப்பட்டு ஜோத்பூர், உதய்பூர், அகமதாபாத், சூரத், புனே, ஹூப்ளி, பெங்களூரு, சேலம், நாமக்கல், திருச்சி வழியாகப் புதுக்கோட்டை வந்து சேர ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். இரவில் ஓட்டாமல், ஓட்டுநருக்கு ஓய்வு கொடுத்து வந்தால் ஐந்து நாள் பயணம். இந்த ஐந்து நாளில் மாநிலம் மாறும், மொழி மாறும், சாப்பாடு மாறும். விவசாயி கணக்கில் வைக்க வேண்டியது மழை மாறுவதைத்தான்.

ஜெய்சல்மரில் ஆண்டு மழை 200 மி.மீ.யை ஒட்டியே இருக்கிறது. அதுவும் ஒரு வருஷம் பெய்தால் மறு வருஷம் ஏமாற்றும். ஜோத்பூரில் 350 மி.மீ. அளவு. உதய்பூரில் 600 மி.மீ.யைத் தாண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 800 மி.மீ.க்கும் மேல். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். அந்தக் கணக்கில் ஜெய்சல்மர் விவசாயியின் ஏக்கருக்கு வானம் கொடுப்பது 8 லட்சம் லிட்டர். புதுக்கோட்டை விவசாயியின் ஏக்கருக்கு 32 லட்சம் லிட்டர். நான்கு மடங்கு. ஆனால், தண்ணீர் இல்லை என்ற புலம்பல் இங்கேயும் குறைவில்லை. ஏன்? அந்தக் கேள்விக்கான பதில் திரும்பி வரும் பாதையிலேயே இருக்கிறது.

மணல் காட்டில் கோதுமை

ஜெய்சல்மர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது, ஊரோரம் கடிசர் ஏரி. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குழாய்த் தண்ணீர் வரும்வரை அந்த ஊரின் குடிநீர் இதிலிருந்துதான். சுற்றியுள்ள கல்லாந்தரையில் விழும் மழை முழுவதும் இங்கே வந்து சேரும்படி நீர்வரத்துப் பரப்பைக் காத்து வைத்திருந்தார்கள்.

ஊருக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் குல்தரா. 19ஆம் நூற்றாண்டில் மக்கள் விட்டுப்போன கிராமம். பேய், சாபம் என்று சொல்லிச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போவார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் பாலிவால் சமூகத்து விவசாயிகள். பேய்க் கதையைவிட அவர்கள் விட்டுப்போன விவசாய முறைதான் பார்க்க வேண்டியது. அதன் பெயர் காதீன்.

காதீன் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மேட்டில் கல்லும் சரளையுமான தரை. அதில் மழை நிற்காது, ஓடிவிடும். பள்ளத்தில் மண் ஆழமான தரை. பள்ளத்தின் கீழ்ப்பக்கம் குறுக்கே ஒரு நீண்ட மண் கரை. அவ்வளவுதான். ஜூலை, ஆகஸ்ட்டில் பெய்யும் இரண்டு, மூன்று நல்ல மழை மேட்டிலிருந்து ஓடிவந்து கரைக்குள் தேங்கும். கரையில் மிகுதி நீர் வெளியேறக் கலுங்கு, மிச்சத்தை வடிக்க மடை. நவம்பர் வாக்கில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். அந்த ஈரத்தில் கோதுமை, கொண்டைக்கடலை விதைப்பார்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. டிசம்பர் கடைசியில் அந்தப் பக்கம் போனால், சுற்றிலும் பழுப்பு நிறத் தரிசு. நடுவே பாய் விரித்தாற்போலப் பச்சை.

பல ஏக்கர் மேட்டு மழையை ஒரே ஏக்கர் பள்ளத்துக்குக் கொண்டுவந்தால்தான் அந்தப் பச்சை. ஆகவே மேட்டை யாரும் கிளறக் கூடாது, வழியை யாரும் மறிக்கக் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு. கரை போடுவதைவிட அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பதுதான் கஷ்டமான வேலை.

குடிநீருக்கு வேறு ஏற்பாடு. வீட்டோரத்தில், வயலோரத்தில் டாங்கா என்கிற மூடிய நிலத்தடித் தொட்டி. அதைச் சுற்றிக் களம்போலத் தரையை இறுக்கி, தொட்டியை நோக்கிச் சரிவு கொடுத்திருப்பார்கள். 100 சதுர மீட்டர் களத்தில் 200 மி.மீ. மழை விழுந்தால் 20,000 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்குப் பல மாதம் தாங்கும். நம்மூரில் ஆயிரம் சதுர அடி மாடி வீட்டின் மேல் ஒரு வருஷத்தில் விழுவது 70,000 லிட்டருக்கும் மேல். அதைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, கேன் தண்ணீர் வாங்குகிறோம்.

நம்ம வன்னி, அவர்கள் கேஜ்ரி

ஜெய்சல்மர் முதல் ஜோத்பூர் வரை சுமார் 280 கிலோமீட்டர். அறுவடை முடிந்த கம்புக் காடுகள் வழியெல்லாம் தெரியும். இந்தியாவில் கம்பு அதிகம் விளையும் மாநிலம் ராஜஸ்தான். கொத்தவரையும் அப்படியே, அங்கே காய்க்காக மட்டுமல்ல, விதையிலிருந்து எடுக்கும் பிசினுக்காகவும் பயிர் செய்கிறார்கள். கம்புக் காட்டுக்கு நடுவே அங்கங்கே ஒரு முள் மரம் நிற்கும். வெட்டாமல் விட்டிருப்பார்கள். அவர்கள் மொழியில் கேஜ்ரி. விருத்தாசலம் போனவர்கள் கோயிலில் தல மரமாகப் பார்த்திருப்பார்கள். ஆம், நம்ம வன்னிதான்.

வன்னியின் வேர் ஆழமாக இறங்கும். மேலே இருக்கும் பயிரின் ஈரத்துக்குப் போட்டிக்கு வராது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். குளிர்காலத்தில் கிளை கழித்தால் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தழை. பிஞ்சுக் காய் கறிக்கு. 1730ல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட அரசர் ஆட்கள் வந்தபோது, அமிர்தா தேவி என்ற பெண்ணும் பிஷ்னோய் மக்களும் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். 363 பேர் உயிர் விட்டார்கள் என்பது அங்கே இன்றும் நினைவுகூரப்படும் வரலாறு.

அதே ஜோத்பூர் சமஸ்தானம், பாலைவனத்தைப் பச்சையாக்கும் ஆசையில் 1940ல் வேறொரு மரத்துக்கு ராஜ மரியாதை கொடுத்தது. வன்னியின் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் குணம் வேறு. உள்ளூர் மக்கள் அதை விலாயதி பபூல் என்கிறார்கள். தமிழில் சொன்னால், சீமைக் கருவேல்! ராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் கண்மாய் உள்வாயை அடைத்து நிற்கும் அதே மரம், மார்வாரின் மேய்ச்சல் நிலத்தையும் அடைத்து நிற்கிறது. ஒரே இனத்தின் இரண்டு மரம். ஒன்று பயிரோடு வாழும், மற்றொன்று பக்கத்தில் வேறொன்றை வாழவிடாது. எது கண்மாய்க்குள் வந்தது, எது கோயிலோடு நின்றது என்பதை யோசிக்க வேண்டும்.

ஜோத்பூரில் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1952ல் பாலைவனத்தில் மரம் வளர்க்கும் நிலையமாகத் தொடங்கி, 1959ல் முழு ஆராய்ச்சி நிலையமானது. டாங்கா, காதீன், பண்ணைக் குட்டை எல்லாவற்றையும் அளந்து, மேம்படுத்தி விவசாயிகளுக்குக் கொடுத்து வருகிறது. திரும்பும் வழியில் அரை நாள் ஒதுக்க வேண்டிய இடம்.

இந்தப் பக்கம் பயணம் போகிறவர்கள் இந்திரா காந்தி கால்வாயையும் கேள்விப்படுவார்கள். பஞ்சாபின் ஹரிகே அணைக்கட்டிலிருந்து பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய். 1958ல் வேலை தொடங்கியது. மணலில் பருத்தியும் கோதுமையும் கடுகும் விளைந்தன. பல குடும்பங்கள் தலையெடுத்தன. அதேசமயம், வடிகால் இல்லாத இடங்களில் தண்ணீர் தேங்கி, உப்பு பூத்து, நிலம் கெட்டும் போனது. தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, அது போகும் வழியும் வேண்டும் என்பதற்கு அது சாட்சி.

மலை தாண்டினால் மழை மறைவு

ஜோத்பூரைவிட்டுத் தெற்கே இறங்கினால் ஆரவல்லி மலை. அதன் மடியில் உதய்பூர். பிச்சோலா, பதேசாகர் ஏரிகளைக் கால்வாயால் இணைத்திருக்கிறார்கள். ஒன்று நிறைந்து அடுத்ததுக்குப் போகும் நம்மூர்ச் சங்கிலிக் கண்மாய்களை நினைவுபடுத்தும். குஜராத்துக்குள் நுழைந்ததும் ஆமணக்கு, பருத்தி, உருளைக்கிழங்கு. பரூச் அருகே நர்மதை. சூரத் பக்கம் கரும்பு. மூன்றாம் நாள் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி லோனாவாலா.

லோனாவாலாவில் ஆண்டுக்கு 4,000 மி.மீ.க்கும் மேல் மழை. இறங்கி 65 கிலோமீட்டர் வந்தால் புனே. அங்கே 700 மி.மீ. அளவு. இன்னும் கிழக்கே அகமத்நகர்ப் பக்கம் போனால் 400 மி.மீ. மட்டும் பெய்யும் கிராமங்கள். மலை மழையைத் தடுத்துக்கொள்கிறது. பின்பக்கம் மழை மறைவுப் பகுதி.

அந்த மறைவுப் பகுதியில்தான் ஹிவரே பஜார் இருக்கிறது. பஞ்சம் பிழைக்க ஊரே காலியாகிக் கொண்டிருந்த கிராமம். 1989ல் போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானார். குன்றுகளில் வரப்பு வெட்டினார்கள், ஓடையில் தடுப்பணை கட்டினார்கள். அதைவிட முக்கியமானது, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை என்று ஊரே கூடி முடிவெடுத்தது. தண்ணீரை அதிகம் குடிக்கும் கரும்பு, வாழையும் கூடாது. ஒவ்வொரு ஆண்டும் எவ்வளவு மழை பெய்தது என்று அளந்து, அதற்கேற்ப எந்தப் பயிர், எத்தனை ஏக்கர் என்று கிராம சபையில் கணக்குப் போடுகிறார்கள். வீட்டு வரவு செலவு போலத் தண்ணீருக்கும் வரவு செலவு. போன ஊர்க்காரர்கள் திரும்பி வந்தார்கள். பவாருக்கு 2020ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நெடுஞ்சாலையிலிருந்து விலகிப் போக வேண்டும் என்றாலும், ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

துளை போடும் லாரிகளின் ஊர் வழியாக

கோலாப்பூரில் ஆலைக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள். ஹாவேரிப் பக்கம் களத்தில் சிவப்பாகக் காயும் பேடகி மிளகாய். தாவணகெரேயில் மக்காச்சோளம். தும்கூர் தாண்டும்போது தென்னந்தோப்புகள். கர்நாடகத்தின் இந்த வறண்ட மாவட்டங்களில் ஏரிகள் வற்றி, கிணறுகள் வற்றி, தென்னையையும் பாக்கையும் காப்பாற்ற ஆழ்துளைக் கிணறு மேல் கிணறு போட்டுக் கடனாளியானவர்கள் ஏராளம். வழியெல்லாம் ரிக் லாரிகள் எதிர்ப்படும். அவற்றில் தமிழ்நாட்டுப் பதிவு எண்களும் கண்ணில் படும். நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோடு, நாட்டுக்கே துளை போடும் லாரிகளை அனுப்பும் ஊர்.

நாமக்கல் தாண்டி, தொட்டியம், முசிறி வந்ததும் காட்சி மாறுகிறது. காவிரிக் கரை, வாழை, வெற்றிலைக் கொடிக்கால், கோரை. ஐந்து நாளாகப் பார்க்காத ஈரக்காற்று. திருச்சிக்கு முன்னால் முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். 1836ல் ஆர்தர் காட்டன் கட்டிய அணையின் மதகுகள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் உடைந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

திருச்சியிலிருந்து தெற்கே திரும்பினால் இன்னும் 50 கிலோமீட்டர் சொச்சம்தான். பத்து, பதினைந்து கிலோமீட்டருக்குள் காவிரியின் பச்சை தீர்ந்துவிடும். மாத்தூர், கீரனூர், நார்த்தாமலை. பாறைக் குன்று, செம்மண், சரளை, தைலமரக் காடு. ஜெய்சல்மரைப் பார்த்துவிட்டு வரும் கண்ணுக்கு இந்தச் சரளை மேடு பழகியதாகத் தெரியும். மேட்டில் நிற்காமல் ஓடும் மழை, பள்ளத்தில் மண் கரை. காதீனுக்கு வேண்டிய அதே தரை அமைப்பு!

ஐயாயிரம் கரைகள் உள்ள மாவட்டம்

புதுக்கோட்டையின் முன்னோர் இதைப் புரிந்துகொண்டுதான் கண்மாய், ஏந்தல், தாங்கல், குளம், ஊருணி என்று வெட்டினார்கள். மாவட்டத்தில் உள்ள பாசனக் கண்மாய், குளங்கள் மட்டுமே 5,000க்கும் மேல். ஊர்ப் பெயரிலேயே ஏந்தலும் குளமும் இருக்கிறது. சித்தன்னவாசல் குகைக் கோயில் விதானத்தில் வரைந்திருப்பதும் ஒரு குளம்தான்; தாமரை, மீன், வாத்து, யானை, எருமையோடு.

பழைய கண்மாய்களின் உள்வாயில் இரண்டு கல்தூண் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது குமிழித் தூம்பு. மேலே இருப்பது நீரோடித் துளை. அதன் வழியே தண்ணீர் வயலுக்குப் போகும். தரை மட்டத்தில் இருப்பது சேறோடித் துளை. அதன் வழியே வண்டலும் கலந்து வெளியேறும். கண்மாயும் தூர்ந்து போகாது, வயலுக்கும் உரம். இதைக் கட்டிக் கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ராஜஸ்தானில் தண்ணீருக்கு மரியாதை என்றால், இங்கேயும் மரியாதைக்குக் குறைவில்லை.

பிறகு எங்கே தவறியது? கரை இருக்கிறது, வரத்து வாரி இல்லை. எத்தனையோ இடத்தில் வாரி வயலாகிவிட்டது, மனையாகிவிட்டது. தைலமரத் தோட்டங்களில் வெட்டிய வரப்புகள் மேட்டு மழையைக் கண்மாய்க்கு வரவிடாமல் தடுக்கின்றன என்பது இந்த மாவட்ட விவசாயிகளின் நெடுநாள் குறை. உள்வாயில் சீமைக் கருவேல். கலுங்கு உயரமும் தெரியாது, மடைப் பலகையும் கிடையாது. மேட்டையும் வழியையும் காக்கும் கட்டுப்பாட்டை ஜெய்சல்மர் விடாமல் வைத்திருந்தது. இங்கே அது கை நழுவியது. 

மேலே நின்றுபோனதைக் கீழே தேட ஆரம்பித்தோம். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்தில் பூ, வாழை, பலா, தென்னை என்று பொன் விளையும் பூமி. அங்கே 1,000 அடியைத் தொட்ட ஆழ்துளைக் கிணறுகள் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு மறுநடவு செய்தவர்களுக்கு மறுபடி துளை போடும் செலவு தனிச் சுமை.

காவிரி – வைகை – குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் விராலிமலை வட்டம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 262 கிலோமீட்டர் கால்வாய். அது முழுதாக வந்தால் புதுக்கோட்டைக்குப் பெரிய வரம். ஆனால், கால்வாயில் வரும் வெள்ளத்தை வாங்கி வைக்கக் கண்மாய்தானே வேண்டும்? வாரியும் உள்வாயும் சரியில்லாவிட்டால் காவிரியே வந்தாலும் கடலுக்குத்தான் போகும்.

நம்பிக்கை இல்லாமலும் இல்லை. கஜாவுக்குப் பின் கொத்தமங்கலம் போன்ற ஊர்களில் இளைஞர்கள் அரசை எதிர்பார்க்காமல் கைக்காசு போட்டுக் குளம் தூர்வாரினார்கள். எல்லை தாண்டிய பேராவூரணியில் விவசாயிகள் சேர்ந்து பெரிய குளத்தையே மீட்டார்கள்.

வீடு வந்ததும் செய்ய வேண்டியவை

வேன் ஊர் வந்து சேருவது ஜனவரி முதல் வாரமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த நேரம். கண்மாயின் உண்மை நிலையைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல நேரம் கிடையாது.

கரை மேல் ஒரு நடை நடந்து, தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று அடையாளக் கல் நட வேண்டும். கலுங்கு ஓடியதா, இல்லையா? ஓடவில்லை என்றால், வாரியைப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தால் அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும். அதைக் குடியரசு தின கிராம சபையில், சர்வே எண்ணோடு தீர்மானமாக எழுதவைக்க வேண்டும். வாய்ப்பேச்சு காற்றோடு போகும், தீர்மானம் காகிதத்தில் நிற்கும்.

கண்மாய் காய்ந்ததும் வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, அனுமதியோடு வண்டல் எடுத்து வயலில் சேர்க்கலாம். சீமைக் கருவேலை வெறுமனே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால்தான் ஒழியும். மானாவாரி நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே உழவு, வரப்பை ஒரு முழம் உயர்த்துதல், தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக் குட்டை. இதுவும் காதீன்தான், அளவு சிறியது. சம்பா அறுப்புக்கு முன் ஈரத்தில் உளுந்து தெளிப்பது பாலிவால்கள் கடலை விதைத்த அதே கணக்கு. எந்த ரகம் என்று கேட்க தூரமெல்லாம் போக வேண்டாம். ஆலங்குடி அருகே வம்பனில் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

வீட்டு வாசலில் ஒரு மழைமானியும் வைக்கலாம். நேரான சுவருள்ள டப்பாவும் அடிக்கோலும் போதும். ஒரு மி.மீ. என்றால் ஏக்கருக்கு 4,000 லிட்டர். அடுத்த ஐப்பசியில் ஒவ்வொரு மழைக்கும் குறித்து வைத்து, அதில் எவ்வளவு கண்மாய்க்கு வந்தது, எவ்வளவு ஓடிப்போனது என்று ஊரே உட்கார்ந்து பேசினால், அடுத்த துளை போடுவதற்கு முன் யோசிக்க ஒரு கணக்கு கையில் இருக்கும்.